டபிள்யூஎஸ்எல்-க்குள் டெயில்ஸ்கேல்: எங்கள் வீட்டுக் குழுவில்

முகில்: அக்கா, வீட்டுக் கணினியில் டபிள்யூஎஸ்எல்-க்குள் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) டெயில்ஸ்கேல் போட்டேன், வெளியூரிலிருந்தும் நம் கருவிகளைத் தனி வலையில் இணைக்குமே, அதுதான். 100-இல் தொடங்கும் முகவரி வந்துவிட்டது. நான் இருக்கும் இடத்திலிருந்து பிங் அடித்தால் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) பதில் வருகிறது. தூரத்திலிருந்து அதற்குள் லாகின் செய்யும் எஸ்எஸ்எச் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது.

கவிதா: விண்டோஸிலும் ஓடுகிறதா?

முகில்: ஆமாம், அப்பா ஃபைல் எடுப்பதற்காகப் போட்டது.

கவிதா: சரி. லினக்ஸுக்குள் "ஐபி லிங்க்" போட்டு, ஈத்0 (லினக்ஸின் நெட்வொர்க் வாசல்) வரியில் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, எவ்வளவு என்று பார். யாரையாவது வீட்டில் தட்டச் சொல்.

அம்மா: நான் தட்டினேன் கண்ணா. எம்டியூ 1280 என்று இருக்கிறது.

கவிதா: அதுதான் அம்மா, நன்றி! முகில், டெயில்ஸ்கேல் உள்ளே இருப்பது, தகவலைப் பூட்டி (என்கிரிப்ட் செய்து) அனுப்பும் வயர்கார்டுதான். அதன் பாக்கெட் 1280 பைட் வரை போகும். பூட்டி அனுப்பும்போது ஐபிவி4-இல் இன்னும் 60 சேரும், ஆக 1340. ஈத்0 வாசல் 1280 அகலம் என்றால் பெரிய பாக்கெட் நுழையாது. பிங் சின்னது, போய்விடும். எஸ்எஸ்எச் தொடக்கத்தில் சாவி பரிமாறும்போது பெரிதாக ஒன்று வரும், அங்கேதான் நிற்கிறது.

முகில்: அப்போ ஈத்0-வை 1340 ஆக்கினால் போதுமா?

கவிதா: போதும். ஆனால் டபிள்யூஎஸ்எல் மறுபடி எழும்போது பழைய அளவுக்கே போய்விடும். அதனால் டபிள்யூஎஸ்எல் டாட் கான்ஃப் கோப்பில் பூட் பகுதியில் "கமாண்ட்" என்று ஒரு வரி சேர்த்து, 1340 ஆக்கும் கட்டளையையே எழுதிவிடு. விண்டோஸ் 11 என்பதால் வேலை செய்யும். லினக்ஸில் சர்வீஸ்களைத் தானாக எழுப்பும் சிஸ்டம்டிக்கான "சிஸ்டம்டி ட்ரூ" என்பதும் அதே பகுதியில்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் டெயில்ஸ்கேல் தானாக எழாது.

அப்பா: கவிதா, ஒரு சந்தேகம். இதனால் நம் கணினி ஊருக்கே திறந்துவிடுமா?

கவிதா: இல்லை அப்பா. ரவுட்டரில் எந்தக் கதவையும் திறக்கவில்லை. ஒவ்வொரு கருவியின் ரகசியச் சாவியும் அதற்குள்ளேயே இருக்கும், டெயில்ஸ்கேல் சர்வருக்குப் பொதுச் சாவி மட்டும்தான் போகும். நம் கணக்கில் சேர்த்த கருவிகள்தான் ஒன்றையொன்று பார்க்கும்.

சித்தப்பா: எனக்கும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது. நானும் உள்ளே போடணுமா?

கவிதா: வேண்டாம் சித்தப்பா. லினக்ஸிலிருந்து வெளியே போக மட்டும் என்றால் விண்டோஸில் இருப்பதே போதும், உள்ளே இருப்பதும் அதன் வழியாகப் போய்விடும். வெளியிலிருந்து லினக்ஸுக்குள்ளேயே வர வேண்டும், அதற்குத் தனி முகவரி வேண்டும் என்றால்தான் உள்ளே போடணும். என்னைக் கேட்டால் தேவையில்லாமல் இரண்டு இடத்தில் ஓட்டவே கூடாது. முகிலுக்குத் தேவை, அதனால் சரி.

அம்மா: திரையில் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தே கிடக்கிறது. மூடிவிடட்டுமா?

முகில்: ஐயோ வேண்டாம் அம்மா!

கவிதா: மூடாதீர்கள் அம்மா. சிஸ்டம்டி சர்வீஸ் ஓடினாலும் அது டபிள்யூஎஸ்எல்-ஐ விழித்திருக்க வைக்காது. கடைசி ஜன்னலை மூடினால் கொஞ்ச நேரத்தில் லினக்ஸ் தானாகத் தூங்கிவிடும், முகிலுக்கு அந்தக் கணினி ஆஃப்லைன் என்று காட்டும்.

அம்மா: சரி, சிறிதாக்கிக் கீழே வைத்துவிட்டேன்.

முகில்: அக்கா, 1340 வைத்ததும் உள்ளே போய்விட்டேன்! கோப்பிலும் எழுதிவிட்டேன்.

கவிதா: அருமை. அப்புறம் ஒன்று. டெயில்ஸ்கேல் சாவிக்கு வழக்கமாக 180 நாள்தான் ஆயுள், முடிந்ததும் மறுபடி லாகின் கேட்கும். அப்போது வீட்டில் யாராவது உட்கார்ந்து செய்யணும். அட்மின் பக்கத்தில் அந்தக் கணினிக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை நிறுத்திவிடு. உன் லேப்டாப்புக்கு நிறுத்தாதே, அது தொலைந்தால் ஆபத்து.

முகில்: வீட்டுக் கணினிக்கு மட்டும் நிறுத்திவிட்டேன் அக்கா.