திகில் படக் காட்சிக்கு நான்கே நாள், புரொஜெக்டரில் வெள்ளை மூட்டம்: உதவி தேவை

கோத்தகிரியில் வரும் சனிக்கிழமை எங்கள் நண்பர்கள் வட்டத்துக்கு 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்' இரண்டாம் பாகத்தை (1981) போட்டுக் காட்டி, நகைச்சுவையாகப் பேசப்போகிறேன். கொலைகாரன் ஜேசனின் பேர்போன ஹாக்கி முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. இதில் அவன் தலையில் ஒரு துணிப்பையை மாட்டி, ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்துக்கொண்டு கொலை செய்ய அலைகிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. என் பேச்சே அந்தப் பையை நம்பித்தான் இருக்கிறது.

அந்தப் பைதான் திரையில் தெரியவில்லை. பகல் காட்சிகள் பரவாயில்லை. இருட்டுக் காட்சி வந்ததும் நடுவில் பால் கொட்டியதுபோல் வெள்ளை மூட்டம் பரவுகிறது. இந்த வகைப் படத்தில் பாதி இருட்டுதானே!

கருவி 2019இல் வாங்கிய எல்சிடி புரொஜெக்டர், 3,300 லூமென். ஐப்பசி மழை முழுவதும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மூட்டத்தைக் கவனித்துப் பத்து நாளாகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் லென்சின் உட்புறத்தில் சிலந்தி நூல்போல் கோடுகள் தெரிகின்றன.

லென்சின் வெளிப்புறத்தைத் துடைத்தேன். கேபிளை மாற்றினேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூன்று இரவு மூடிவைத்தேன். ஒரு மணி நேரம் சூடேற ஓடவிட்டும் பார்த்தேன். பலனில்லை. குன்னூரில் காட்டியபோது, கோவைக்கு அனுப்பினால் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

லென்சை மட்டும் நானே கழற்றி, உள்ளே படிந்த பூஞ்சையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டினால் ஃபோகஸ் கெடாமல் இருக்குமா?