ஆர் மென்பொருளில் ஜியோநேம்ஸ் கோப்பை ஏற்றினால் பாதி ஊர்களைக் காணவில்லை

கேள்வி:
15,000 பேருக்கு மேல் வசிக்கும் உலக ஊர்களின் ஜியோநேம்ஸ் (இடப்பெயர்த் தரவுத்தளம்) கோப்பை ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றுகிறேன். டேப் பிரித்த 19 பத்திகள், தலைப்பு வரி கிடையாது. கோப்பை ஏற்றும் ரீட்.டேபிள் கட்டளையில் செப் (பிரிகுறி), ஹெடர் (தலைப்பு வரி உண்டா என்பது) இரண்டையும் சரியாகவே கொடுத்தேன். ஒரு வரியில் 19 உறுப்புகள் இல்லை என்று பிழை வந்தது. குறையும் கட்டங்களை வெறுமையாக நிரப்பும் ஃபில் = ட்ரூ சேர்த்ததும் பிழை போய்விட்டது; ஆனால் கோப்பில் உள்ளதைவிட வரிகள் மிகக் குறைவு. ஓர் ஊரின் பெயர்க் கட்டத்துக்குள் வேறு பல ஊர்களின் வரிகள் அப்படியே அடைந்து கிடக்கின்றன. கோப்பு பழுதா?

மறுமொழி 1:
கோப்பில் குறை இல்லை. முதலில் அந்த ஃபிலை எடுத்துவிடுங்கள். அது பிழையைத் தீர்க்கவில்லை, அதன் வாயைத்தான் அடைத்தது.

ரீட்.டேபிள் நீங்கள் கேட்காமலேயே இரட்டை மேற்கோள், ஒற்றை மேற்கோள் இரண்டையும் ஒரு கட்டத்தின் உரையைச் சுற்றிப் பொதியும் உறைக்குறிகளாக எடுத்துக்கொள்ளும். சாட் நாட்டுத் தலைநகர் என்ஜமேனாவின் ஆங்கில எழுத்தில் ஒற்றை மேற்கோள் உண்டு. நெதர்லாந்தின் செர்ட்டோகன்போஸ் தொடங்குவதே அதில்தான். ஒன்றைக் கண்டுவிட்டால், அடுத்தது வரும்வரை டேப், வரிமுறிவு எதையும் ஆர் மதிக்காது; நடுவில் உள்ளதெல்லாம் ஒரே கட்டம். எந்தக் குறியையும் உறையாக எடுக்காதிருக்க குவோட் = "" என்று கொடுங்கள். காமெண்ட்.சார் = "" என்பதையும் சேருங்கள், இல்லையென்றால் # குறியைக் குறிப்புரையின் தொடக்கம் என்று எண்ணி, அது வந்த இடத்தோடு வரியை வெட்டிவிடும்.

மறுமொழி 2:
டேப் பிரித்த கோப்புகளுக்கான ரீட்.டெலிம் கட்டளை போதும் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். அது ஒற்றை மேற்கோளைக் கண்டுகொள்ளாது, ஆனால் இரட்டை மேற்கோளில் இதே வேலையைக் காட்டும். அதில் ஃபில் இயல்பாகவே ட்ரூ. வரி குறைந்தாலும் சத்தமே வராது.

கேட்டவர்:
வரிக்கணக்கு சரியாகிவிட்டது, மிக்க நன்றி. இன்னொரு சந்தேகம்: ஒன்பதாம் பத்தியில், அதாவது நாட்டுக் குறியீட்டில், விண்ட்ஹூக், வால்விஸ் பே, ஸ்வாகோப்முண்ட் போன்ற ஊர்களுக்கு மட்டும் மதிப்பே இல்லை. மற்ற பத்திகள் ஒழுங்காக இருக்கின்றன.

மறுமொழி 1:
எல்லாமே நமீபியா ஊர்கள், கவனித்தீர்களா? அந்த நாட்டின் ஐஎஸ்ஓ ஈரெழுத்துக் குறியீடு என்ஏ (NA). விடுபட்ட மதிப்புக்கு ஆர் வைத்திருப்பதும் அதே இரண்டு எழுத்துகள். பாவம், ஒரு நாடே விடுபட்டுப் போகிறது! என்ஏ.ஸ்டிரிங்ஸ் = "" என்று கொடுத்தால் உண்மையில் காலியான கட்டங்கள் மட்டுமே விடுபட்டவையாகும்.

மறுமொழி 2:
பிறகு இந்தியக் கோப்பைத் தனியாக ஏற்றுவதாக இருந்தால் பதினொன்றாம் பத்தியையும், அதாவது மாநிலக் குறியீட்டையும், பாருங்கள். ஆந்திரத்தின் குறியீடு 02. உலகக் கோப்பில் எழுத்துக் குறியீடுகளும் கலந்திருப்பதால் அந்தப் பத்தி உரையாகவே நிற்கும். இந்தியா மட்டும் என்றால் எண்ணாகி 2 என்று சுருங்கிவிடும். பத்திகளின் வகையைக் குறிக்கும் கோல்கிளாசஸில் அதை உரை என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்றுவதற்கு முன்பே, வரிதோறும் கட்டங்களை எண்ணும் கவுண்ட்.ஃபீல்ட்ஸ் கட்டளையை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். குவோட், காமெண்ட்.சார் இரண்டையும் அதற்கும் வெறுமையாகவே கொடுக்க வேண்டும். எல்லா வரிக்கும் 19 வந்தால் ஏற்றலாம். வேறு எண் வந்தால் அந்த வரியைத் திறந்து பாருங்கள்.