சியாங் மாயில் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் அம்மா, அப்பாவோடு ஐந்து நாள் தாய்லாந்தின் சியாங் மாய் போகிறோம். அகழி சூழ்ந்த பழைய நகருக்குள், தா பே வாசல் பக்கம் தங்குகிறோம்.

அப்பாவுக்கும் எனக்கும் கவலை இல்லை. சாய் உவா (பன்றி இறைச்சி சாசேஜ்), நாம்-பிரிக்-நும் (சுட்ட பச்சை மிளகாய்த் துவையல்) எல்லாம் சாப்பிட்டே தீருவது என்று இருக்கிறோம். அம்மாதான் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அங்கே வெறும் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊற்றுவார்கள், குழம்பு மசாலாவில் இறால் விழுது கலப்பார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடைகளில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டும் சேர்க்கமாட்டார்கள் என்று தெரியும். பழைய நகரிலிருந்து நடக்கும் தூரத்தில் அப்படி நல்ல கடை எது? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக தூரம் நடக்க முடியாது.

அப்புறம், காவ் சோய். தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே மொறுமொறுவென்று பொரித்தது கொஞ்சம், பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய். அந்த ஊருக்குப் போய் அம்மா அதைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. வழக்கமான நூடுல்ஸில் முட்டை உண்டு. முட்டை இல்லாமல் அரிசி நூடுல்ஸில் சைவமாகச் செய்து தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.

ஞாயிறு இரவு ராட்சதம்னோன் சாலைச் சந்தையில் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைக்குமா? எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு? சமீபத்தில் போய் வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.