7 கிலோ பையும் ஒரு சாரமும்: பினாங்கு முதல் வியட்நாம் வரை

மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று சில மாதம் சுற்றக் கிளம்பும் தம்பி ஒருவர், எவ்வளவு பணம் வேண்டும், என்னென்ன சாமான் கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே கேள்விதான். பை கனத்தால் செலவும் கனக்கும்.

அந்தப் பக்கத்து மலிவு விமானங்கள் பலவற்றில் டிக்கெட்டோடு கிடைப்பது 7 கிலோ கைப்பை மட்டுமே. அதற்கு மேல் ஒவ்வொரு விமானத்துக்கும் தனிக் காசு. அதோடு முடிவதுமில்லை. பெரிய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து விடுதிக்கு நடக்க யாருக்கும் மனம் வராது, டாக்ஸியைத்தான் கைகாட்டுவோம். கிளம்புவதற்கு முன்னால் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடைத் தராசில் என் பையை நிறுத்துப் பார்த்தேன். “என்ன தம்பி, வெளிநாட்டுக்கு இம்புட்டுத்தானா?” என்று கடைக்கார அண்ணாச்சிக்கு நம்பிக்கையே வரவில்லை.

இம்புட்டுப் போதும். நான் மனதாரச் சிபாரிசு செய்வது மூட்டாத சாரம் (தைத்து இணைக்காத லுங்கி) ஒன்று, ஈரிழைத் துண்டு இரண்டு. டார்மிட்டரியில் கீழ்க் கட்டில் கிடைத்தால், சாரத்தின் ஒரு ஓரத்தை மேல் மெத்தைக்கு அடியில் செருகித் தொங்கவிடுங்கள், தனி அறை மாதிரி ஆகிவிடும். ஏசி பஸ்ஸில் அதுவே போர்வை. பல புத்தர் கோயில்களில் முழங்கால் தெரியக்கூடாது. அரைக்கால் சட்டைக்கு மேல் சாரத்தைச் சுற்றிக்கொண்டால் வேலை முடிந்தது. துண்டை ராத்திரி அலசி ஃபேனுக்கு அடியில் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். டர்க்கி டவல் அந்த ஊர் மழைக்காலத்தில் காயவே காயாது, ஈரத்தோடு மடித்துச் சுமக்க வேண்டியதுதான்.

வீட்டில் பொடியும் ஊறுகாயும் கட்டித் தருவார்கள். மிளகாய்ப் பொடியையும் ஊறுகாயையும் நம் விமான நிலையங்களில் கைப்பையில் பெரும்பாலும் விடமாட்டார்கள். அதற்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டியும் தட்டிய சுக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விடுதிகளில் வெந்நீர் சும்மா கிடைக்கும், தொண்டை கட்டும் நாளில் அருமை தெரியும்.

அடுத்து சாப்பாட்டுச் செலவு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரத்து ‘நாசி கண்டார்’ சாப்பாட்டுக் கடைப் பெரியவர் ஒருவர். ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோள்தடியில் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியுமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. என் பேச்சைக் கேட்டதும் கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“திருநவேலி, பாய்.”

“அட, நமக்குக் கடையநல்லூருல்லா! எங்க வாப்பா ராஜுலா கப்பல்ல வந்தாக, ஒத்த டிரங்குப் பெட்டியோட.”

அப்புறம் என் தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சோறு, முட்டை, ஒரு காய். எல்லாக் குழம்பையும் கலந்து ஊத்தச் சொல்லுங்க, வயிறு நிறைஞ்சிரும். இறாலுக்கோ மீன் தலைக்கோ கை போச்சுன்னா, தட்டுல வைக்கிறதுக்கு முந்தி விலையைக் கேட்டுருங்க.” காசு வாங்கத்தான் செய்தார், ஆனால் டீக்கு வாங்கவில்லை. அந்த அன்பை நான் மறக்கமாட்டேன். அவர் சொன்னது போன இடமெல்லாம் உதவியது.

பணத்தைப் பொறுத்தவரை, தினக் கணக்கு போடாதீர்கள், வாரக் கணக்கு போடுங்கள். ஊர் மாறும் நாளில்தான் காசு கரையும். ஒரே ஊரில் தங்கினால் தன்னால் குறையும். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் ராத்திரி ரயில் நல்லது. தெற்குத் தாய்லாந்தின் ஹாட் யாயிலிருந்து பாங்காக்குக்குப் படுக்கை வசதியுள்ள ரயில் இருக்கிறது, ஒரு நாள் அறை வாடகை மிச்சம். தாய்லாந்தில் பெரும்பாலான ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்டு போட்டால் ஒவ்வொரு தடவையும் 220 பாத்துக்குக் குறையாமல் பிடிப்பார்கள், எனவே அடிக்கடி எடுக்காமல் மொத்தமாக எடுங்கள். ரூபாயிலேயே மாற்றித் தரவா என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அதில் வரும் மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான்.

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது ஒன்றுக்கு இன்னொன்று போய்விடும். பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட் காசை வேறு கணக்கில் போட்டு, அந்தக் கார்டைப் பையின் அடியில் வைத்துவிடுங்கள். இன்னொன்று: மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போகும் முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசுடையது இல்லை, மூடிவிடுங்கள்.