'லேசான தீவிர' கணைய அழற்சியா? அக்யூட், சிவியர் இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்

வணக்கம்.

'அக்யூட் பான்கிரியாடைட்டிஸ்' என்பதற்குத் 'தீவிர கணைய அழற்சி' போதுமே என்று கேட்டிருந்தீர்கள். நானும் போன வாரம் வரை அப்படித்தான் எழுதிவந்தேன். இந்த நோய் எவ்வளவு மோசமாகும் என்பதைச் சாதாரண ரத்தப் பரிசோதனைகளை வைத்துக் கணிப்பது பற்றி எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே 'லேசான தீவிர கணைய அழற்சி' என்று வந்து நின்றது. அடுத்த பத்தியில் 'தீவிரமான தீவிர கணைய அழற்சி'. அதற்கு மேல் எழுத்து நகரவில்லை.

அக்யூட் என்றால் சட்டென்று வந்தது. சிவியர் என்றால் கடுமையானது. இந்த நோயில் இரண்டையும் பிரிக்காமல் பேசவே முடியாது. 100 பேரில் ஏறத்தாழ 80 பேருக்குச் சில நாளில் அடங்கிவிடும். சிலருக்கோ நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்புகள் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் இந்த நோயைத் தரம்பிரிக்கும், 2012இல் திருத்திய அட்லாண்டா வகைப்பாடு அதைச் 'சிவியர்' என்கிறது.

அக்யூட்டுக்குக் 'கடிய' என்றும் ஒரு பரிந்துரை வந்தது. 'கடி' என்ற பழைய உரிச்சொல்லுக்கு விரைவு என்ற பொருள் உண்டுதான். மிகுதி என்ற பொருளும் உண்டே! பழைய குழப்பமே திரும்பி வரும். போதாததற்கு, படிப்பவருக்கு நாய்க்கடி நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: திடீர்க் கணைய அழற்சி. 'நாட்பட்ட' என்பதற்கு நேர் எதிராகவும் நிற்கிறது. சிவியரிட்டிக்குக் 'கடுமை'.

அப்புறம் 'மார்க்கர்', அதாவது நோயைப் பற்றித் துப்புக் கொடுக்கும் பரிசோதனை அளவு. 'குறிப்பான்' என்று பொதுவாக வைத்தால் இங்கே போதாது. கணையம் சுரக்கும் லைப்பேஸ் என்ற நொதி ரத்தத்தில் இயல்பின் மேல் வரம்பைப் போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் நோயை உறுதிப்படுத்த உதவும். ஆனால் முப்பது மடங்கு ஏறினாலும் கடுமையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அது நோய்காட்டி.

ஹீமட்டோகிரிட் வேறு வகை. ரத்தத்தைக் குழாயில் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். மொத்தத்தில் அவற்றின் பங்குதான் அந்த எண். இந்த நோயில் நாளங்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுவதால் அது ஏறும். மருத்துவமனையில் சேரும்போது 44 சதவீதத்தைத் தொட்டு, நீர் ஏற்றியும் 24 மணி நேரத்தில் இறங்காவிட்டால் கவலைப்பட வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான யூரியா நைட்ரஜன் ரத்தத்தில் ஏறினாலும் அப்படியே. டெசிலிட்டருக்கு 25 மில்லிகிராமைத் தாண்டினால் இந்த நோயின் ஆபத்தைப் புள்ளி போட்டுக் கணிக்கும் பைசாப் முறையில் ஒரு புள்ளி. இவற்றைக் கடுமை முன்காட்டி என்று சொல்லலாம்.

அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் புரதமான சி.ஆர்.பி.யை இதில் சேர்க்க எனக்குத் தயக்கம். லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்ற வரம்பு 48 மணி நேரம் கழித்துப் பார்ப்பதற்கானது. இந்த நோயின் கடுமையைக் கணிக்கும் ரான்சனின் 1974ஆம் ஆண்டு அளவுகோலும் 11 கூறுகளையும் நிரப்ப அதே 48 மணி நேரம் எடுக்கும். அதற்குள் நோயாளியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடுமே, அதில் 'முன்' எங்கே இருக்கிறது? சி.ஆர்.பி.க்கு வெறும் 'கடுமைகாட்டி' போதும் என்பேன்.

'திடீர்க்' என்பதில் ஒற்று மிகும், 'திடீர்த் தாக்குதல்' போல. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.