சிறையிலிருந்து வந்தவர் தங்கும் இல்லத்தைத் தட்டிக் கேட்க ஆள் உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
என் தாய்மாமா விய்யூர் ஜெயிலில் 16 வருஷம் இருந்துவிட்டு மாசியில் வெளியே வந்தார். வீட்டில் சேர்க்கவில்லை, அது வேறு கதை. சித்தூர்ப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தும் இல்லத்தில் இடம் கிடைத்தது. போன ஞாயிறு பார்க்கப் போனால், சாயங்காலம் ஐந்தரைக்கே தட்டோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே இருந்த பழக்கமாம். மனசைக் குடைவது வேறு. தினமும் தென்னந்தோப்பு வேலைக்கு அனுப்புகிறார்கள், கூலியை இல்லத்துக்காரரே வாங்கி ‘சேமிப்பு’ என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். பாஸ்புக், ஆதார் எல்லாம் அவர் அலமாரியில்தான். இதையெல்லாம் யார் கண்காணிக்க வேண்டும்?

வேலந்தாவளத்தான்:
மாமா வந்தது முழுத் தண்டனையும் முடித்தா, முன்விடுதலையிலா? முன்விடுதலை என்றால் உத்தரவிலேயே நிபந்தனை இருக்கும், மாவட்ட புரொபேஷன் ஆபீசர், அதாவது நன்னடத்தை அலுவலர்தான் கண்காணிக்க வேண்டியவர், எங்கே தங்குகிறார், என்ன வேலை என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். முழுசாக முடித்தவர் என்றால் சட்டப்படி சுதந்திர மனிதர், அதாவது கேட்பாரில்லை. 1958 நன்னடத்தைச் சட்டம் முக்கியமாகக் கோர்ட்டே ஜெயிலுக்கு அனுப்பாமல் விடுகிறவர்களுக்கானது. இருந்தாலும் அந்த ஆபீசுக்கே போங்கள். ஒன்று, கேரளாவில் அது சமூக நீதித் துறை, வாளையார் தாண்டி தமிழ்நாட்டுக்குள் போனால் சிறைத் துறை. இது தெரியாமல் என் மச்சான் அரை நாள் தப்பான வாசலில் நின்றார்.

பழைய குமாஸ்தா:
இல்லங்களுக்கென்று 1960இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. வாரியம், அங்கீகாரம், ஆய்வு எல்லாம் அதில் உண்டு, ஆனால் பெண்கள், குழந்தைகள் இல்லங்களுக்குத்தான். ஜெயிலிலிருந்து வந்த ஆம்பளை அந்தக் கணக்கிலேயே இல்லை. அதனால் இல்லத்தை விடுங்கள், கூலியைப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் கைதிக்கே உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, வெளியே வந்தவருக்குக் கேட்கவா வேண்டும். தாலுகா சட்ட சேவைக் குழுவில் வக்கீல் இலவசம். மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள், 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் நம் போன்ற தமிழ்ச் சிறுபான்மைக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. கவுன்டரில் மலையாளத்தில் கொண்டு வா என்றால் அசராதீர்கள்.

தோப்புவீட்டு அக்கா:
இல்லத்துக்காரரை அதற்குள் திருடனாக்காதே தம்பி. கையில் காசு கொடுத்தால் கள்ளுஷாப்போடு போய்விடும் என்று பயந்து பிடித்து வைக்கிறவர்களும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். நோட்டைக் காட்டச் சொல்லு. ஒவ்வொரு வரிக்கும் மாமா கையெழுத்து இருக்கிறதா பார்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பார்த்துவிட்டேன் அக்கா. நோட்டில் கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. ஏப்ரல் முழுக்க ஒரே மசியில், ஒரே நாளில் உட்கார்ந்து எழுதினது போல இருக்கிறது. விடுதலை உத்தரவை மாமா எட்டாக மடித்து பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார், படம் எடுத்து வந்தேன், முன்விடுதலைதான். செவ்வாய்க்கிழமை பாலக்காடு போகிறேன்.