அம்மாவின் வருமான வரி ரிட்டர்ன்: வங்கிக் கணக்கில் பெயர் பொருந்தவில்லை, ஆதார் ஓடிபி வரவில்லை. என்ன செய்வது?

காவிரிக்கரை (திருச்சி):

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 62 வயது. அப்பா அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 18,000 ரூபாய். அப்பாவின் பணத்தை அம்மா பெயரில் எஃப்டி போட்டு வைத்திருக்கிறோம். 2024-25 நிதியாண்டில் அதற்கு 2,40,000 ரூபாய் வட்டி வந்தது. வங்கி வட்டி தரும்போதே 24,000 ரூபாய் வரி (டிடிஎஸ்) பிடித்துவிட்டது. அந்தப் பணம் அம்மாவின் மருந்துச் செலவுக்கு ஆகும், எப்படியாவது திரும்ப வாங்கித் தர வேண்டும்.

வருமான வரித் துறையின் போர்ட்டலில் அம்மாவின் பான் எண்ணை வைத்துப் பதிவு செய்துவிட்டேன். சிக்கல் மூன்று இடத்தில். குடும்ப ஓய்வூதியத்தைச் சம்பளத்தில் காட்டுவதா, வேறு எங்காவதா? சம்பளம் தருபவர் கொடுக்கும் வரிச் சான்றான படிவம் 16 என்று எதுவும் வரவில்லை. அடுத்து, ஓய்வூதியம் வரும் சேமிப்புக் கணக்கைச் சேர்த்தால் பெயர் பொருந்தவில்லை என்று சரிபார்ப்பு தோல்வி காட்டுகிறது. பாஸ்புக்கில் அப்பாவின் இனிஷியல் இருக்கிறது. பானில் தாத்தாவின் (அம்மாவின் அப்பா) பெயர் முழுதாக இருக்கிறது. ஆதாரில் வெறும் பெயர் மட்டும். கடைசியாக, ஆதாரோடு இருப்பது அப்பாவின் பழைய செல் நம்பர். அந்த சிம் போய்விட்டது, ரிட்டர்னைச் சரிபார்க்க ஓடிபி வர வழியே இல்லை.

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில் கேட்டேன். தன் நம்பரையும் மெயிலையும் போட்டால் முடித்துத் தருவதாகவும், சில கழிவுகள் காட்டி ரீஃபண்டைக் கூட்டித் தருவதாகவும், அதில் ஒரு பங்கு வேண்டும் என்றும் சொல்கிறார். சரியாகப் படவில்லை. 2025 செப்டம்பர் 15 கடைசித் தேதி என்பதால் கவலையாக இருக்கிறது.

பேரேடு:

தம்பி, முதலில் அந்த சென்டர் விஷயம். அங்கே போகவே போகாதீர்கள். பிடித்தது 24,000. ரீஃபண்ட் என்பது பிடித்த வரியைத் திருப்பித் தருவது. அதன் மேல் கொஞ்சம் வட்டி சேரலாமே தவிர, அதற்கு மேல் யாராலும் கூட்ட முடியாது. இல்லாத நன்கொடை, இல்லாத காப்பீடு என்று காட்டி வாங்கித் தருகிறவர்கள்மேல் 2025 ஜூலை 14-ஆம் தேதி துறையே பல மாநிலங்களில் சோதனை நடத்தியிருக்கிறது, தமிழ்நாடும் அதில் உண்டு. நோட்டீஸ் வந்தால் அது அம்மா பெயருக்குத்தான் வரும். அவர் நம்பரும் மெயிலும் போட்டுவிட்டால் அந்த நோட்டீஸ்கூட உங்கள் கண்ணில் படாது, பாஸ்வேர்டை மாற்றும் வசதியும் அவர் கைக்குப் போய்விடும். உங்கள் நம்பரையே போடுங்கள். ஒரே நம்பரை மூன்று பேர் கணக்கு வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

இனி கணக்கு. குடும்ப ஓய்வூதியம் சம்பளம் இல்லை. வேலை பார்த்தவர் தனக்கு வாங்கும் ஓய்வூதியம்தான் சம்பளத் தலைப்பில் வரும். அவர் மனைவிக்கு வருவது 'இதர வருமானம்' என்ற தலைப்பு. அதனால்தான் படிவம் 16 வரவில்லை. அம்மாவுக்கான ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-1-இல் இதர வருமானத்துக்குள் போனால் 'ஃபேமிலி பென்ஷன்' என்று தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழியும். வரி கணக்கிட புதியது, பழையது என்று இரண்டு முறை உண்டு. 25,000 என்பது புதிய முறையில், பழைய முறையில் 15,000.

அம்மாவுக்கு ஓய்வூதியம் 2,16,000, வட்டி 2,40,000. மொத்தம் 4,56,000. 25,000 போனால் 4,31,000. 2024-25-க்குப் புதிய முறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, மீதி 1,31,000-க்கு 5 சதவீதம் என்றால் 6,550 ரூபாய். வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பதால் குறைந்த வருமானத்துக்கான 87ஏ பிரிவுத் தள்ளுபடியில் அதுவும் போய்விடும். வரி பூஜ்யம், 24,000 முழுவதும் திரும்ப வர வேண்டும். பழைய முறையிலும் வட்டிக்கு 50,000 வரை மூத்த குடிமக்கள் கழிவு கிடைத்து பூஜ்யம்தான் வரும். எந்த வித்தியாசமும் இல்லாதபோது புதிய முறையிலேயே விடுங்கள், நிரப்புவது குறைவு.

ஒன்று கவனியுங்கள். பாஸ்புக்கில் வரவாகும் தொகை மருத்துவக் காப்பீட்டுச் சந்தா பிடித்தது போக வருவது. நீங்கள் காட்ட வேண்டியது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. கருவூலத்தில் ஆண்டு விவரம் கேட்டு வாங்குங்கள். சேமிப்புக் கணக்கு வட்டி நூறோ இருநூறோ இருந்தாலும் அதையும் சேருங்கள். உங்கள் ஆண்டு வருமான விவரங்களைத் துறை தொகுத்திருக்கும் ஏஐஎஸ் அறிக்கையைப் போர்ட்டலிலிருந்து இறக்கி எஃப்டி வட்டியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதைத் திறக்க பான் எண்ணைச் சின்ன எழுத்தில் போட்டு, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கத்தில் சேர்க்க வேண்டும்.

மலைக்கோட்டை:

வரி பூஜ்யம் என்றால் ரிட்டர்னே போட வேண்டாம் என்று எங்கள் ஆடிட்டர் சொல்கிறாரே?

பேரேடு:

வரி பூஜ்யமாவது தள்ளுபடியால். ரிட்டர்ன் போட வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது கழிவுகளுக்கு முந்தைய வருமானம் அந்த ஆண்டின் வரம்பான 3 லட்சத்தைத் தாண்டுகிறதா என்பது. இந்த அம்மாவுக்குத் தாண்டுகிறது, போட்டே ஆக வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போடாமல் ரீஃபண்ட் வராது.

இனிஷியல்:

பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் பெரியம்மாவுக்கு இதே சிக்கல். தமிழ்நாட்டில் பெண்கள் பாதிப் பேருக்கு இது இருக்கும். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். பான் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களில் இனிஷியல் மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அதோடு தந்தை பெயரும் கேட்பார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அந்தப் பெயரையே கடைசிப் பெயராகவும் போட்டுவிடுவார். கார்டில் அச்சாகும் பெயரைச் சுருக்கமாகக் கேட்டு வாங்க ஒரு தனி வரி இருந்தது. அதனால் கார்டில் ஒரு மாதிரியும் துறையின் பதிவில் வேறு மாதிரியும் இருக்கலாம். கார்டை நம்பாதீர்கள். போர்ட்டலில் உள்ளே போய் அம்மாவின் சுயவிவரப் பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

இப்போது இரண்டு வழி. பானைத் திருத்தலாம், அல்லது வங்கியில் பெயரைத் திருத்தலாம். பானைத் தொட்டால் ஆதார் இணைப்பு, எஃப்டி எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். வங்கியில் திருத்துவது சுலபம். ஆனால் அது ஓய்வூதியக் கணக்கு. ஓய்வூதிய ஆணையில் உள்ள பெயரும் உங்கள் அப்பா இனிஷியலோடுதான் இருக்கும். அங்கே பெயரை மாற்றப் போய் மாத வரவில் தடங்கல் வந்தால் யார் அலைவது? அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

ரீஃபண்ட் ஓய்வூதியக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அம்மா பெயரில் பான் இணைத்த எந்தக் கணக்கும் போதும். எஃப்டி எந்த வங்கியில், எந்தப் பெயரில் இருக்கிறது? அங்கே சேமிப்புக் கணக்கு இருக்கிறதா?

காவிரிக்கரை:

மிக்க நன்றி. எஃப்டி வேறொரு வங்கியில். அப்பா போன பிறகு பான், ஆதார் கொடுத்துத் தொடங்கியது. வட்டி விழுவதற்கு அங்கேயே ஒரு சேமிப்புக் கணக்கும் உண்டு, பெயர் பானில் உள்ளபடியே இருக்கிறது! நம்பரும் அம்மா இப்போது வைத்திருக்கும் நம்பர். இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதே சேர்த்துப் பார்க்கிறேன்.

இனிஷியல்:

அருமை. சுயவிவரத்தில் 'மை பேங்க் அக்கவுண்ட்' பகுதியில் சேருங்கள். சரிபார்ப்பு முடிந்ததும் அந்தக் கணக்குக்கு நேரே ரீஃபண்டுக்கான பொத்தானை இயக்க மறக்காதீர்கள். ஓய்வூதியக் கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும், ரீஃபண்டுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அவ்வளவுதான். அந்த வங்கி ஈவிசி (மின்னணுச் சரிபார்ப்புக் குறியீடு) வசதி தருகிறது என்றால் உங்கள் மூன்றாவது சிக்கலும் இதிலேயே தீர்ந்துவிடும். ஆதார் ஓடிபிக்குப் பதிலாக அந்த வங்கிக் கணக்கோடு உள்ள நம்பருக்கு ஒரு குறியீடு வரும், 72 மணி நேரம் செல்லும்.

பேரேடு:

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ரிட்டர்னைச் சமர்ப்பித்ததோடு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். சரிபார்க்காத ரிட்டர்ன் போடாத ரிட்டர்ன்தான். சமர்ப்பித்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். முன்பு 120 நாள் இருந்தது, 2022 ஆகஸ்ட் முதல் குறைத்துவிட்டார்கள். பழைய நினைப்பிலேயே இருப்பவர்கள் இன்னும் உண்டு. 30 நாள் தாண்டிச் சரிபார்த்தால், சரிபார்த்த நாளில்தான் ரிட்டர்ன் போட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அது கடைசித் தேதிக்குப் பின் வந்தால் தாமதக் கட்டணம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000, மேலே போனால் 5,000.

ஈவிசி வரவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். ஐடிஆர்-வி என்ற ஒரு பக்க ஒப்புகையை அச்செடுத்து, அம்மா கையெழுத்துப் போட்டு, வருமான வரித் துறையின் பெங்களூரு 560500 மையத்துக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். அவர்கள் கையில் கிடைக்கும் நாள்தான் கணக்கு, அனுப்பிய நாள் இல்லை. ஆகவே கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள்.

ஆதாரில் நம்பரை மாற்றுவதைத் தள்ளிப் போடவும் வேண்டாம். ஆதார் மையத்துக்கோ அந்த வசதி உள்ள தபால் நிலையத்துக்கோ அம்மா நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும், நம்பர் மாற்ற ஆவணம் கேட்க மாட்டார்கள், சிறு கட்டணம் உண்டு. செயலிழந்த நம்பரைச் சில மாதம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மாவின் ஓடிபி யாரோ ஒருவர் கைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

மலைக்கோட்டை:

பான் ஆதார் இணைப்பு இல்லை என்றால் ரீஃபண்டே தர மாட்டார்கள் என்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டாமா?

பேரேடு:

நல்ல கேள்வி. இவர் விஷயத்தில் வங்கி 10 சதவீதம்தான் பிடித்திருக்கிறது. ஆதாரோடு இணைக்காமல் பான் செயலிழந்திருந்தால் 20 சதவீதம் பிடித்திருப்பார்கள். ஆகவே இணைப்பு இருக்க வேண்டும். ஆனாலும் போர்ட்டலின் முகப்பிலேயே உள்ளே நுழையாமல் பார்க்கும் வசதி இருக்கிறது, ஒரு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

காவிரிக்கரை:

பார்த்துவிட்டேன், இணைந்திருக்கிறது. வங்கிக் கணக்கும் சரிபார்க்கப்பட்டுவிட்டது. இன்னொன்று கேட்க வேண்டும். 2023-24-லும் 11,000 பிடித்திருக்கிறார்கள், இப்போதுதான் வரிப் பிடித்த விவர அறிக்கையான 26ஏஎஸ்-இல் பார்த்தேன். அந்த வருடம் ரிட்டர்ன் போடவில்லை. அது போனது போனதுதானா?

பேரேடு:

அந்த வருடத்துக்குத் தாமத ரிட்டர்ன் போடும் கடைசி நாள் 2025 ஜனவரியோடு முடிந்தது. ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் பற்றிச் சிலர் சொல்வார்கள். அது கூடுதல் வரி கட்டுபவர்களுக்கு, ரீஃபண்ட் கேட்க அதைப் பயன்படுத்த முடியாது. உள்ள ஒரே வழி தாமதத்தை மன்னிக்கக் கோருவது, 119(2)(பி) பிரிவு. போர்ட்டலிலேயே அதற்கான விண்ணப்பம் இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து வருடத்துக்குள் கேட்கலாம். காரணம் உண்மையாக இருக்க வேண்டும். கணவர் இறந்தது, கணக்கு வழக்கெல்லாம் அவர் பார்த்து வந்தது, ஓடிபி பெற நம்பர் இல்லாதது, இவை உள்ளபடியே எழுதினால் நியாயமான காரணங்கள். இறப்புச் சான்றிதழை இணையுங்கள். அனுமதி வந்த பிறகுதான் அந்த வருட ரிட்டர்னைப் போட முடியும். நேரம் எடுக்கும், ஆனால் 11,000 ரூபாயை விட்டுவிடாதீர்கள். முதலில் இந்த வருடத்தை முடியுங்கள்.

புதுவேலை (கோவை):

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நவம்பரில் வேலை மாறினேன். முதல் அலுவலகத்தில் ஏழு மாதச் சம்பளம் 5,60,000, வரி 23,360 பிடித்தார்கள். இரண்டாவதில் ஐந்து மாதத்துக்கு 4,50,000, வரியே பிடிக்கவில்லை. இப்போது போர்ட்டல் 21,000-க்கு மேல் கட்டச் சொல்கிறது. தவறா?

பேரேடு:

தவறில்லை. இரண்டாவது அலுவலகத்துக்கு உங்கள் பழைய சம்பளம் தெரியாது. 4,50,000-இல் நிலைக்கழிவு 75,000 போக 3,75,000 என்று பார்த்து, தள்ளுபடியில் பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள். உண்மையில் மொத்தம் 10,10,000, கழிவு ஒரு முறைதான், 9,35,000. வரி 43,500, 4 சதவீத செஸ் சேர்த்து 45,240. பிடித்தது போக 21,880, அதோடு முன்கூட்டியே வரி கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளின் வட்டி. மாதத்துக்கு மாதம் வட்டி ஏறும், சீக்கிரம் கட்டுங்கள். 'இ-பே டாக்ஸ்' பகுதியில் சுயமதிப்பீட்டு வரி என்பதைத் தேர்ந்தெடுத்து, மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்று போடுங்கள். 2024-25 என்று போட்டுவிட்டால் பணம் வேறு ஆண்டில் போய் உட்கார்ந்துவிடும். இனி வேலை மாறினால் புதிய அலுவலகத்தில் பழைய சம்பள விவரத்தை எழுதிக் கொடுங்கள், அவர்களே சேர்த்துப் பிடிப்பார்கள்.

காவிரிக்கரை:

முடிந்தது! ஐடிஆர்-1 சமர்ப்பித்து, ஈவிசி அம்மா நம்பருக்கே வந்து, சரிபார்க்கப்பட்டது என்று காட்டுகிறது. இனிஷியல், பேரேடு ஐயா, இருவருக்கும் அம்மா நன்றி சொல்லச் சொன்னார்கள். இந்த வருடமும் வங்கி பிடித்துக்கொண்டே இருக்கிறதே, அதை நிறுத்த வழி உண்டா?

பேரேடு:

உண்டு தம்பி. 2025-26 நிதியாண்டுக்குப் படிவம் 15எச், வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் உறுதிமொழி, 60 வயது ஆனவர்களுக்கானது. 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு வரி பிடிக்காமல் விடும் வட்டி வரம்பு 50,000-லிருந்து ஒரு லட்சமாகிவிட்டது, ஆனால் அம்மாவுக்கு அதற்கு மேல் வருவதால் படிவம் இல்லாமல் நிற்காது. 2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம், தாராளமாகக் கொடுக்கலாம். இப்போது கொடுத்தால் மீதி மாதங்களுக்கு நிற்கும், ஏற்கனவே பிடித்தது அடுத்த ரிட்டர்னில் வரும். இப்படி உறுதிமொழியை ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும், முத்திரை வைத்த நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். அப்புறம், ரீஃபண்டோடு மாதத்துக்கு அரை சதவீதக் கணக்கில் வட்டி சேர்ந்து வந்தால், அந்த வட்டியை மட்டும் பணம் வந்த நிதியாண்டின் இதர வருமானத்தில் காட்டுங்கள்.